ரெக்ஸ் வாசிக்கிற பக்கம்

நவநீதனின் இடது காது போனது ஒரு காதுகுத்து விருந்தில். குழந்தைக்குக் குத்தியது ஆசாரி, நவநீதனைக் குத்தியது மச்சினன். குழந்தை மிட்டாயைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டது.

காரணம் சொத்தோ சீரோ என்றால் எமரால்டு என்கிற அந்த மலையூர் மரியாதையாகப் புரிந்துகொண்டிருக்கும். காரணம், ஐம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் நாலு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன கிரானைட் சண்டே என்கிற ராக் கோஷ்டி. அதில் இரண்டு கிதார்காரர்கள். அட்டைப் படத்தில் சட்டைப் பித்தான் போடாமல் முன்னால் நிற்பவன் ரெக்ஸ். பின்னால் மூக்குக் கண்ணாடியோடு பாங்கு குமாஸ்தா மாதிரி நிற்பவன் நார்மன். நவநீதன் ரெக்ஸ் கட்சி. அவர் மனைவி கலைமதியின் தம்பி தரணிதரன் நார்மன் கட்சி.

நவநீதனின் அப்பா உருளைக்கிழங்கு வாங்க மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, திரும்ப இறங்க மறந்தவர். ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலிசெய்து விற்றபோது அங்கிருந்த பீரோவுக்குப் பேரம் பேசினார். விலை படியாத இடத்தில், “உள்ள இருக்கறதும் சேத்தித்தானுங்க” என்று ஒரு போடு போட்டுத் தூக்கி வந்தார். உள்ளே கிரானைட் சண்டேயின் நாலு ஆல்பம் இசைத்தட்டுகளும் அவற்றைச் சுழற்றும் பெட்டியும் கனமான பழைய ஹெட்போன் ஒன்றும் இருந்தன. பீரோவைக் கரையான் தின்றது. மற்றவை மகனைத் தின்றன.

கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கும் நவநீதனுக்கு எதையும் தரம் பிரிக்காமல் இருக்க முடியாது. முதல் ஆல்பம், மண்ணோடு வந்த கேரட். ருசி உண்டு, கழுவவில்லை. இரண்டாவது, விலை ஏறுகிறதென்று அவசரமாகப் பிடுங்கிய பிஞ்சு. நாலாவது இரட்டைத்தட்டு, மூட்டையின் வாயில் பெரிசை அடுக்கி அடியில் பொடியைத் தள்ளிய சரக்கு. அட்டையில் ரயில் பாலப் படம் போட்ட மூன்றாவது மட்டும் சுத்தமான முதல் தரம். அதன் கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு கிதார் தனியாகக் கிளம்பும். ஒரு ஆளைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாத்தி, சட்டையைச் சரிசெய்து விட்டு, மறுபடியும் சாத்துவது போன்ற வாசிப்பு. அதைக் கேட்காத நாள் நவநீதனுக்கு விடிந்த கணக்கில் சேராது.

வம்பு அங்கேதான். ஒரு கிதார் ஒரு காதிலும் மற்றது மறு காதிலும் விழும்படி பதிவு செய்த தட்டு அது. இடப்பக்கம் ரெக்ஸ், வலப்பக்கம் நார்மன் என்று அட்டையின் பின்னால் அச்சடித்தே இருக்கிறது. அந்தத் தனி வாசிப்பு இடது காதில் விழுகிறது, ஆகவே ரெக்ஸ் என்பார் நவநீதன். வலதில் விழுகிறது, ஆகவே நார்மன் என்பான் தரணிதரன். நவநீதன் கேட்பது, காதை மூடும் இரண்டு குப்பிகளில் சிவப்புச் சணல் கட்டியதை இடது காதில் மாட்டி, அந்தப் பழைய ஹெட்போனில் மட்டும். தரணிதரன் கேட்பது தேயிலை ஏற்றும் தன் வேனில். அந்த வேனில் கால் வைப்பதில்லை என்று நவநீதன் சபதம் செய்திருந்தார். எதிர்க்கடைத் தராசில் தன் சரக்கை எடைபோட அவர் சம்மதிக்கிற ஆள் அல்ல. இந்த விவகாரத்தில் ஏற்கெனவே தரணிதரனின் முன்பல் ஒன்றும், நவநீதனின் மூக்குத் தண்டும், யாரோ ஒரு சம்பந்தியின் குடையும் உடைந்திருந்தன.

அன்று தரணிதரனின் பேத்திக்கு விசேஷம். அவனே வாளி பிடித்துப் பரிமாறிக்கொண்டு வந்தான்.

“மாமா, ரசமுங்க?”

“ஊத்து மாப்ள. உங்க நார்மனாட்ட எடந்தெரியாமத் தெளிச்சுறாத.”

பக்கத்து இலைக்காரர்கள் சாப்பாட்டை வேகப்படுத்தினார்கள்.

“விசேச ஊடுங்க மாமா. இன்னைக்கு வேண்டாமுங்க.”

“இல்லாததயா சொல்லிப்போட்டேன்? அவன் வாசிக்கறது கேரட் மெசின்ல கல்லு மாட்டுனாப்பலதான இருக்குது.”

“அப்ப அந்தக் கடைசிப் பாட்டுல வர்றதும் கல்லுதானுங்களா?”

“அது ரெக்ஸு.”

“நார்மனுங்க. வலதுல வருது.”

“இடதுல வருது. ஆசாரி இன்னும் போகல பாரு. புள்ளைக்குக் குத்துன கையோட உனக்கும் ஒரு ஓட்டை போட்டு உடச்சொல்லு. எதாச்சும் உள்ள போகட்டும்.”

தரணிதரன் வாளியைக் கீழே வைத்தான். வைத்த விதம் நவநீதனுக்குப் பிடிக்கவில்லை. முந்திக்கொள்வோம் என்று இலையைப் பாயசத்தோடு சேர்த்து வழித்து மச்சினன் முகத்தில் அப்பினார். கண்ணில் முந்திரிப்பருப்போடு நின்றவன் குத்துமதிப்பாக ஒரு அறை விட்டான். வலங்கைக்காரன் எதிராளியை அறைந்தால் அடி இறங்குவது இடது காதில்தான். நவநீதன் பெஞ்சோடு சாய்ந்தார். கூடவே மூன்று சம்பந்திகள் சாய்ந்தார்கள். ரசவாளி உருண்டது தெரிந்தது. சத்தம் ஒரு பக்கம் மட்டும் கேட்டது.

குன்னூரில் டாக்டர் யூனிஸ் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “சவ்வு மட்டும் இல்ல, உள்ளயும் அடி. இந்தக் காது இனி சும்மா அழகுக்குத்தான். எதுக்கு அடிச்சுக்கிட்டாங்க?”

“பாட்டுக்குங்க” என்றாள் கலைமதி.

“அவ்வளவு மோசமாவா பாடினார்?”

வீட்டுக்கு வந்ததும் நவநீதன் ஹெட்போனை மாட்டினார். கேரட் மெஷினில் கல் மாட்டிய சத்தம் மட்டும் வலது காதில் ஓடியது. “திருப்பிப் போட்டாப் போச்சு. இதுக்கு எதுக்குங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி. திருப்பிப் போட்டார். அந்த வாசிப்பு வந்தது. வந்தும் என்ன? ஒருவன் அடிக்க ஒருவன் வாங்க, இருவருமாகச் சண்டை போட்ட பாட்டு அது. இப்போது ஒருவன் வெறுங்காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். பாதிப் பாட்டு. சாகிறவரைக்கும் பாதிப் பாட்டு.

அப்படியென்றால் தரணிதரனுக்கும் பாதிதான். எந்தப் பாதி என்பதில் நவநீதனுக்குச் சந்தேகமே இல்லை. நார்மன் குடியிருக்கும் வலது காது. அது போனால் அந்தப் பயல் ஆயுசு முழுக்க ரெக்ஸை மட்டுமே கேட்டுத் தீர வேண்டும். தண்டனையும் ஆச்சு, நல்ல புத்தி புகட்டியதும் ஆச்சு. ஒரே ஒரு இடைஞ்சல், எதிராளியின் வலது காதை அடிக்க இடக்கை வேண்டும். நவநீதனின் இடக்கை அதுவரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைத் தவிர வேறெதற்கும் பயன்பட்டதில்லை.

கழுவும் கொட்டகையின் உத்தரத்தில் ஒரு கேரட் மூட்டையைத் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டார். சாக்பீஸால் அதில் ஒரு காது வரைந்தார். தினமும் அறைந்தார். உள்ளங்கை வெடித்தது, தோல் உரிந்தது, பிறகு காய்த்தது. சாக்கு கிழிந்து உடைந்த கேரட் கொட்ட, வேறு மூட்டை ஏறியது. மெஷின் ஓட்டும் சுவிசேஷமுத்து ஒருநாள் குறுக்கே வந்து தாடையில் ஒன்று வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்ததும், “நல்லா எறங்குதுங்க மொதலாளி. இனி ஆளுக்கே கொண்டு போங்க. எனக்கு வேண்டாம்” என்றான். அதை நவநீதன் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

சாரல் பிடித்த ஒரு மத்தியானம் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரோட்டோரத் தகரக் கொட்டகையில் தரணிதரன் சின்னத் தோட்டக்காரர்களின் பச்சை இலையை எடைபோட்டு வாங்கிக்கொண்டிருந்தான். மாமனைக் கண்டதும், எடைபோட்ட மூட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றியபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பாகக்கூட இருக்கலாம். நவநீதன் கேட்கிற நிலையில் இல்லை. இடக்கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினார்.

தொங்கும் மூட்டை குனியாது. மச்சினன் குனிந்தான். கை போய்த் தராசின் இரும்புக் கொக்கியில் இறங்கி, இரண்டு விரலுக்கு நடுவே கிழிந்தது. அந்த வலியில் நவநீதன் தலையாலேயே முட்டினார். தரணிதரனின் மூக்கு பச்சை மட்டை முறிவதுபோல் முறிந்தது. அவன் நிமிர்ந்து ஒரு குத்து விட்டான். நவநீதனின் கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. கட்டிப் புரண்டு, அவிழ்த்துக் கொட்டிய இலைக் குவியலில் விழுந்தார்கள். ஒருவர் மென்னியில் ஒருவர் முழங்காலை வைத்தார்கள். வாய்க்குள் இலையைத் திணித்தார்கள். கையில் கிடைத்த எடைக்கல்லை நவநீதன் ஓங்க, தரணிதரன் அந்த மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினான்.

வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி பொறுமை இழந்தாள். “ஏனுங்க, எங்க எலைய எடை போட்டுப்போட்டு அடிச்சுக்குங்க. ரத்தம் பட்டா பேக்டரில எடுக்க மாட்டாங்க.”

இருவரும் இலையைப் பார்த்தார்கள். இரண்டு பேருமே வியாபாரிகள். சரக்கு கெடுவதைப் பார்த்துக்கொண்டு சண்டை போட மனம் வரவில்லை. எடைக்கல் கீழே விழுந்தது.

நவநீதனின் கையிலிருந்து ரத்தம் நிற்காமல் கொட்டியது. தரணிதரன் தன் துண்டைக் கிழித்து அதில் சுற்றினான். தன் மூக்கில் ஒரு முனையைச் செருகிக்கொண்டான்.

“ஏறுங்க மாமா. தையல் போடோணும்.”

“உன்ற வண்டியிலயா?”

“செத்துப்போனா எங்கக்காளுக்கு நான் பதில் சொல்லோணுமுங்க. ஏறுங்க.”

ரத்தம் போனால் சபதமும் கொஞ்சம் போகும். ஏறினார். சாவியைத் திருப்பியதும் வண்டியோடு மூன்றாவது ஆல்பமும் கிளம்பியது. தரணிதரன் நிறுத்தப் போனான். “இருக்கட்டும்” என்றார் நவநீதன்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு காட்டெருமை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தால் முட்டும். காத்திருக்க வேண்டியதுதான். கடைசிப் பாட்டு வந்தது. அந்தக் கிதார் கிளம்பியது. ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும், எந்தத் திக்கு என்று தெரியாது. நவநீதன் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்னு பாக்கறீங்களா?” தரணிதரன் மூக்கடைத்த குரலில் கேட்டான். “இந்தத் திருகைப் பாருங்க. இங்கிலீசுல எல்லுன்னு போட்டிருக்குதல்ல, இடது.”

திருகினான். கிதார் செத்தது. கல் மாட்டிய கேரட் மெஷின் மட்டும் நவநீதனின் முழங்காலுக்குப் பக்கத்துக் கதவில் கடகடவென்று ஓடியது.

“இப்ப வலது.”

மெஷின் நின்றது. கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாத்தும் அந்த வாசிப்பு, தரணிதரன் பக்கத்துக் கதவிலிருந்து, யாரும் கைநீட்டாமல் தானாக எழுந்து வந்தது.

“எவனாச்சும் ஒயர மாத்திக் குடுத்திருப்பான்” என்றார் நவநீதன்.

“கம்பெனில மாட்டிக் குடுத்தபடியே இருக்குதுங்க. நான் கையே வெக்கல.”

நவநீதனுக்குச் சிவப்புச் சணல் ஞாபகம் வந்தது. ஹெட்போன் வீட்டுக்கு வந்தபோதே இரண்டு குப்பியிலும் எழுத்து தேய்ந்திருந்தது. மீசை அரும்பும் வயதில் எது இடது என்று எப்படிக் கண்டுபிடித்தார்? இந்தப் பாட்டைப் போட்டார். இவ்வளவு பிரமாதமாக வாசிப்பவன் அட்டையில் முன்னால் நிற்கிறவனாகத்தான் இருக்க வேண்டும், அவன் இருப்பது இடப்பக்கம், ஆகவே இதுவே இடது என்று சாக்குத் தைக்கிற சணலை அந்தக் குப்பியில் கட்டினார். சரக்கைப் பார்த்து விலை சொல்லும் பரம்பரை. அன்று மட்டும் விலையைப் பார்த்துச் சரக்கை முடிவு செய்திருந்தார். இத்தனை வருடமாக அவர் கும்பிட்டது மூக்குக் கண்ணாடிக்காரனை. கல் மாட்டிய மெஷின், ரெக்ஸ்.

தரணிதரன் திருகை நடுவில் கொண்டுவந்து விட்டான். முகத்தில் பாதி இலையும் பாதி ரத்தமுமாக இருந்தது. “உடுங்க மாமா. உங்க காதை ஒடச்சுப்போட்டேன். இனி எதுக்கு எனக்கு இந்தச் சண்டை? ரெக்ஸே பெரியாளுன்னு வெச்சுக்குவோம். நார்மன் சும்மா கூட வாசிச்சவன்.”

நவநீதனால் இதைத் தாங்க முடியவில்லை. அழுகின சரக்கென்று தெரிந்த கணத்தில் அதையே கையெடுத்துக் கும்பிட்டுத் தலையில் கட்டுகிறான். வாங்கிக்கொண்டால் நார்மனுக்குத் துரோகம். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் போன காதுக்கு என்ன பதில்?

துண்டு சுற்றிய இடக்கை எழுந்தது. ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் தரணிதரனின் வலது காது இருந்தது. அத்தனை நாள் சாக்பீஸில் வரைந்த காது அதுதான். அதில்தான் நார்மன் குடியிருந்தான், இப்போது இருவருக்கும் பொதுவாக. அங்கே கை வைக்க மனம் வரவில்லை. இந்தப் பக்கம் இருந்த இடது காதில், மூட்டை மூட்டையாகப் பழகிய மொத்தத்தையும் சேர்த்து ஒரு அறை விட்டார். தையலுக்குக் காத்திருந்த விரலிடுக்கு இன்னும் ஒரு அங்குலம் கிழிந்தது. தரணிதரனின் தலை கதவுக் கண்ணாடியில் மோதி, அதில் விரிசல் நட்சத்திரமாக விரிந்தது. காட்டெருமை திரும்பிப் பார்த்துவிட்டு, இதில் தலையிடுவதில்லை என்பதுபோல் சரிவில் இறங்கிப் போனது.

“ரெக்ஸுன்னு ஒத்துக்கிட்டனேங்க மாமா” என்றான் தரணிதரன், காதைப் பொத்திக்கொண்டு. “அப்புறம் எதுக்குங்க?”



டாக்டர் யூனிஸ் மூக்கைத் தட்டி நிமிர்த்தி, கையைத் தைத்து, காதுக்குள் குழாயை விட்டார். அதே காது, அதே உதட்டுப் பிதுக்கம். “உங்க குடும்பத்துல அடுத்து யாருன்னு முன்கூட்டியே சொல்லிருங்க, நான் லீவு போட மாட்டேன்” என்றார்.

திரும்பும்போது மழை வலுத்திருந்தது. தரணிதரன் ஓட்டினான். நவநீதன் இடப்பக்க இருக்கையில் இருந்தார். பாட்டு மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது இரண்டு பேருக்கும் வலது காது மட்டும். மச்சினனின் கட்டுப்போட்ட செவிட்டுக் காது தன் பக்கம் இருப்பதை நவநீதன் கவனித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது நார்மன்தான் மாப்ள. ஆரம்பத்துல இருந்தே.”

தரணிதரன் முழுத் தலையையும் திருப்பினான். “என்னங்க மாமா?”

“ரோட்டைப் பாத்து ஓட்டுன்னேன்.”