தந்தை தெரியாத நெல்

லிகாயாவைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் நெல் ஆய்வு நிலையத்தில் நானும் அவளும் ஒரே மேசையில் நெல் ரகங்களைக் கலப்பு செய்யும் வேலை பார்த்தோம். ஜப்பான்காரர்களோடு கூட்டு ஆராய்ச்சி என்று வந்தது. அங்கே போக ஒருவருக்குத்தான் இடம். என்னைவிட ஆறு வருஷம் இளையவளான அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கூட்டத்தில்தான், நான் உருவாக்கிய நெல்லை விளைச்சல் போதாது என்று ஒதுக்கித் தள்ளினார்கள். நானும் கைதட்டினேன். கலமான்சி எலுமிச்சையைக் கடித்தவள் மாதிரி இருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவன் கேலி செய்தான்.

விசாவுக்காக அவள் மணிலா போன நாளில் அவளுடைய செடிகள் பூத்திருந்தன. முந்தின சாயங்காலமே பூக்களிலிருந்த ஆண் பாகத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டியிருந்தாள். காலையில் ஜப்பான் நெல்லின் மகரந்தத்தைத் தூவி, தாய் தந்தை பெயரைச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். வேறு யாரையும் நம்ப மாட்டாளாம், என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நம்பட்டுமே! என் நெல்லின் கதிரைக் கொண்டுவந்து அவள் பூக்கள்மேல் உதறினேன். சீட்டில் ஜப்பான் நெல்லின் பெயரை எழுதிக் கட்டினேன். அவள் ஆராய்ச்சி உருப்படாமல் போகட்டும் என்றுதான் செய்தேன்.

எட்டு வருஷம் கழித்து, கடல்நீர் புகுந்த வயல்களில் மற்ற நெல்லெல்லாம் கருகியபோது அந்தக் கலப்பில் பிறந்த நெல் மட்டும் நின்று விளைந்தது. விவசாயிகள் லிகாயாவைக் கட்டியணைத்துக் கொண்டாடினார்கள். பத்திரிகையில் அவள் படம் வந்தது. நான் பெற்ற நெல் அவளுக்குப் போய் உழைக்கிறதே என்று அந்த நெல்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

போன செவ்வாய்க்கிழமை மரபணுச் சோதனை முடிவோடு வந்து கதவைச் சாத்தினாள். அந்த நெல்லுக்கு ஜப்பான் நெல் தந்தையே இல்லையாம்.

"பெர்லாக்கா, இது உங்க நெல்லுன்னு தோணுது. ஒப்பிட்டுப் பார்க்க நிலையத்துல விதை இல்ல. உங்ககிட்ட கொஞ்சம் இருந்தா குடுங்க. சீட்டு மாறிப்போச்சுன்னு எழுதிக்கலாம். உங்க பேரையே முதல்ல போடறேன்."

அவள் கண்ணில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். என் நெல்லை எனக்கே தானம் பண்ண இவள் யார்?

"எங்கிட்ட ஒரு மணிகூட இல்லம்மா" என்றேன்.

வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு புட்டி நிறைய இருந்தது. அன்று சாயங்காலம் அதைக் கோழிகளுக்கு இறைத்தேன். ஒரு மணி மிச்சமில்லாமல் கொத்தித் தின்றன.

மறுநாள் அறிக்கை என் மேசைக்கு வந்தது. தந்தை என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.