இஞ்சினுக்கு முகம் கழுவியவள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது.

ஒரு மத்தியானம் நாமக்கல்லில் கரண்ட் திரும்பி வந்த சந்தோஷத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தேடப்போனேன். போய் விழுந்தது இங்கிலாந்தின் நீராவி ரயில் இஞ்சின்களின் புகைப்படங்களில். அறுபதுகளில் எடுத்தவை. நீராவி இஞ்சின்களையெல்லாம் உடைத்து எடைக்குப் போடுவது என்று அந்த நாட்டில் முடிவாகிவிட்டது. சேதி தெரிந்ததும் ஜனங்கள் கேமராவும் கழுத்துமாகக் கிளம்பிவிட்டார்கள். மழையில் பாலத்தின்மேல் நிற்கிறார்கள், பனியில் வேலிமேல் ஏறி நிற்கிறார்கள். ஒரே இஞ்சினை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பும்போது ஒன்று, நின்று பெருமூச்சு விடும்போது ஒன்று. அது கடைசியாக ஓடிய நாளில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் திருவிழாக் கூட்டம்.

இரும்புக்கு இத்தனை படம். என் அம்மா பாவாயி காடுகரையில் ஓடாய்த் தேய்ந்து போய்ச் சேர்ந்தாள். அவள் உயிரோடிருந்த காலத்தில் அவளைப் பார்த்து ஒருவரும் ஒரு கேமராவைத் தூக்கவில்லை. நான் உட்பட. எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடு எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"சேலம் ஜங்ஷனில், பணி ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஆண்டி, தூரத்தில் கேட்ட ஹாரன் சத்தத்தில் தன் இளமையின்—"

நிறுத்திவிட்டேன். ஆண்டி கண்கலங்குவார், நீங்களும் கலங்குவீர்கள், எனக்கு ஒரு சால்வை கிடைக்கும். வேண்டாம்.

இரண்டாவது:

"சங்ககிரி ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கினான். அவன் தோளில்—"

அவன் எதற்கு வந்தான் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது: "கோகிலவாணி இஞ்சினுக்கு முகம் கழுவினாள்."

இது மட்டும் நகராமல் நின்றது. யார் இந்தக் கோகிலவாணி, எந்த இஞ்சின், அதற்கு ஏது முகம் என்று நீங்கள் கேட்பதுபோலத்தான் நானும் கேட்டேன். இனி வருவது அதற்குப் பதில்.

3

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் லாரிக்கு உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து படங்கள் கம்ப்யூட்டரில் வரும். இங்கே சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்புவார்கள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் பருவை எடுப்பது, விற்பனைக்கு வரும் சோபாவின் பின்னால் நிற்கும் நாயை எடுப்பது, அந்த மாதிரி வேலை. நடத்துகிறவர் ஜெகதீஸ்வரன். இன்ஜினியரிங் முடித்தவர், வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். முயன்று பார்த்தேன், ஒட்டவில்லை.)

கோகிலவாணி அங்கே மூத்த ஆள். புருஷனோடு ஒத்துவராமல் மகள் சௌமியாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள். அப்படி வந்தவள் முதலில் போய் இறங்கியது எடப்பாடியில், அண்ணன் தனசேகர் வீட்டில். அங்கே விசைத்தறிக் கூடத்தில் நூல் முடிந்துகொண்டு, அண்ணி தட்டில் போடுகிற சோற்றையும் சோற்றோடு சேர்த்துப் போடுகிற பேச்சையும் தின்றுகொண்டு இருந்தாள். "உம்பட மவளும் நாளைக்கு இங்கதான வந்து நிப்பா" என்று அண்ணி மலர்விழி ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புக்குத்தான் கோகிலவாணி திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். இந்த வேலை போனால் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. அதே கூடம், அதே அண்ணி, இந்த முறை சௌமியாவுக்கும் சேர்த்து ஒரு தறி. கதை முழுக்க இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்திருக்கிறாள்.

4

திருச்செங்கோட்டுக்கு வந்த புதிதில், ஆபீசில் சேர்வதற்கு முன்னால், அவள் வளவன் என்பவரின் போட்டோ ஸ்டுடியோவில் இருந்தாள்; அது இப்போது மூடிக்கிடக்கிறது. செத்தவர்களுக்குப் படம் செய்வதுதான் அங்கே அவள் வேலை.*

(* எடுப்பது இல்லை, செய்வது. வெளியூர்க்காரர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் தனக்கென்று ஒரு படம் இல்லாமலே செத்துப்போவார்கள். கருமாதிக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். யாருடைய கல்யாண வீடியோவிலோ பந்தியில் பாதி வாயோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் பிடித்து, தலையை மட்டும் வெட்டியெடுத்து, வாயை மூடி, கண்ணைத் திறந்து, சீவி, முகத்தைத் துடைத்து, கோட்டு மாட்டுவார்கள். ஆயுளில் கோவணத்துக்கு மேல் கட்டாதவருக்கும் கோட்டு உண்டு. என் அம்மாவின் படம் ரேஷன் கார்டிலிருந்து வந்தது. கழுத்துக்குக் கீழே இருக்கும் பட்டுப்புடவை யாருடையது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுடையது இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். ஆனால் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டேன்.)

அந்த வேலையில் கோகிலவாணி கெட்டிக்காரி. "கண்ணு தொறந்துருக்கோணும், மூஞ்சி தெளிவா இருக்கோணும், கடைசியாப் பாக்கறவங்களுக்கு மனசு நெறையோணும்" என்பாள். கையில் மண்ணோடு செத்தவனை அதே மண்ணோடு படமாக மாட்டிவைக்கிற வீட்டை அவள் பார்த்ததில்லை.

5

ஒருநாள் இங்கிலாந்திலிருந்து ஒரு ரயில் ஆர்வலர் சங்கத்தின் வேலை வந்தது. சங்கத்து மூத்தவர் எட்வின் வாலிப வயதில் எடுத்த படங்கள், எல்லாம் கடைசி வருஷங்களின் நீராவி இஞ்சின்கள். பழைய ஃபிலிமில் விழுந்த தூசியையும் கீறலையும் மட்டும் எடுக்க வேண்டும். ஜெகதீஸ்வரன் எல்லோரையும் உட்காரவைத்துத் தெளிவாகவே சொன்னார்.

"ஃபிலிம்மேல இருக்கறத மட்டும் எடுங்க. படத்துக்குள்ள இருக்கறதத் தொடக்கூடாது. இதெல்லாம் சாகப்போற இஞ்சினுங்க, அந்தக் காலத்து ரெக்கார்டு."

அவள் தொடவில்லை. பல நாள் தொடாமலே இருந்தாள். பிறகு அந்த இஞ்சின் வந்தது.

ஷெட்டில் நிற்கிறது. மூஞ்சியெல்லாம் துரு. உடம்பில் கரியும் எண்ணெயும் வழிந்து காய்ந்து, எந்தக் காலத்திலோ என்ன நிறமாக இருந்தது என்றே தெரியவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், நம்பரை யாரோ சாக்பீஸில் கிறுக்கியிருக்கிறான். மூட்டுக்கு மூட்டு ஆவி கசிகிறது. பக்கவாட்டு ஜன்னலில், கரி அள்ளிப்போடும் ஆள் சாய்ந்து நிற்கிறான். அவன் முகமும் இஞ்சினின் முகம் மாதிரியே இருந்தது.

(பெயர்ப்பலகையில் இருந்தது நம்மூரை ஆண்ட ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் பெயர் என்று எழுதினால் கதைக்குக் கனம் கூடுமே என்று ஓர் ஆசை வந்தது. தள்ளிவிட்டேன். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.)

கோகிலவாணி கழுவ ஆரம்பித்தாள். மணப்பெண்களின் தழும்பை மறைக்கும் கம்ப்யூட்டர் பிரஷை எடுத்து, துருவை அங்குலம் அங்குலமாக எடுத்தாள். கறுப்புக்கு மினுமினுப்பு ஏற்றினாள். சாக்பீஸ் நம்பரை வைத்து அதே இஞ்சின் நன்றாக இருந்த காலத்துப் படம் ஒன்றை இணையத்தில் தேடிப்பிடித்து, பெயர்ப்பலகையை எடுத்து வந்து அதன் இடத்தில் வைத்தாள். சாக்பீஸ் கிறுக்கலை அழித்தாள். கடைசியாக ஜன்னலில் நின்ற ஆளின் முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிட்டாள். சாப்பாட்டு நேரத்திலும் இதே வேலை. அந்த மாதிரி இன்னும் சில இஞ்சின்களுக்கும் செய்தாள்.

இந்த இடத்தில் என் கதைகளை முதலில் படிக்கும் சிநேகிதி ஜெயப்பிரியா குறுக்கிட்டாள். "அவ தெரியாமப் பண்ணிட்டானு எழுதுங்க. படிக்கறவங்களுக்குப் பாவமா இருக்கும்" என்றாள். மாட்டேன். ஃபிலிம் தூசி எது, இஞ்சின் அழுக்கு எது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னது காதில் விழுந்தது, புரிந்தது, மீறினாள். செத்துப்போகிற ஒன்றை அந்தக் கோலத்தில் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமென்றால் வேறு கதை படியுங்கள்.

6

எட்வின் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் இருப்பாரா, அந்த ஷெட்டில் குளிரில் நின்று எடுத்தவர் அவர்தானே. வேலையை நிறுத்துங்கள், இதைத் தொட்டது யார் என்று எனக்கு விளக்கம் வேண்டும் என்று கடுமையாக எழுதிவிட்டார்.

ஜெகதீஸ்வரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"கடைசிப் படமுங்க சார். மூஞ்சி கழுவாம எப்புடீங்க வெக்கிறது?"

"அது இஞ்சினுங்க்கா!"

"ஆமாங்க சார். தெரியுமுங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவருடைய ஆபீசும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க பண்ணுனீங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆளை மாத்துனாத்தான் வேலை தருவோம்பாங்க. நானும் மாத்தித்தான் ஆகோணும். அதனால சாஃப்ட்வேர் தானாப் பண்ணிருச்சுன்னு சொல்லிப்போடறேன். இப்பத்தான் எல்லாத்தையும் மெஷின் பண்ணுதே, நம்புவாங்க. செட்டிங்க மாத்தீட்டம்னா முடிஞ்சது. நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க, வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

"செரீங்க சார்" என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவர் அவளைக் காப்பாற்றுகிறார். நன்றியாகத்தான் இருந்தது. ஆனாலும் படியிறங்கும்போது அவளுக்கு நெஞ்சு கசந்தது. ஸ்டுடியோவில் செய்த படங்களை வீட்டுக்காரர்கள் வாங்கிப் பார்த்து அழுவார்கள். செய்தது யார் என்று கேட்டதில்லை. கேட்காமல் போனார்கள், சரி. ஆனால் செய்தது மனுஷியே இல்லை என்று அவர்களும் சொன்னதில்லை.

7

மறுநாள் சாயங்காலம் வீடியோவில் பேச்சு. கீழே ரிக் லாரி ஒன்றை உறுமவைத்துச் சோதித்துக்கொண்டிருந்ததால் ஜன்னலைச் சாத்தினார்கள். திரையில் எட்வின், நல்ல வயசாளி, மூச்சு வாங்குகிறது. பக்கத்துக் கட்டத்தில் சங்கத்தின் செயலாளர், பேனாவோடு. இங்கே ஜெகதீஸ்வரன், அவருக்கு அருகில் கோகிலவாணி. பேச வராவிட்டாலும் இங்கிலீஷ் அவளுக்குப் புரியும்.

ஜெகதீஸ்வரன் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னார். சாஃப்ட்வேர், தானியங்கி, வருந்துகிறோம், அணைத்துவிட்டோம்.

செயலாளர் எழுதிக்கொண்டார். எட்வின் திரைக்கு நெருங்கி வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னது இது. (அவர் சொன்ன இங்கிலீஷை நான் நம் பாஷையில் தருகிறேன்.)

"அந்தக் கடைசி வருஷங்களில் இஞ்சின் கழுவ ஆளே கிடைக்கவில்லை. எப்படியும் உடைக்கப்போகிறோம், எதற்குக் கழுவ வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். கேவலமாக விட்டார்கள். அந்தக் கேவலத்தைத்தான் நான் படம் எடுத்தேன். அதை அழித்ததால்தான் கோபம் வந்தது. ஆனால் நேற்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஜன்னலில் நிற்கிறவன் என் தம்பி. அவன் தலை வாரியிருக்கிறது. இதை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்திருந்தால், அவரிடம் நான் ஒன்று கேட்டிருப்பேன். மெஷின் என்கிறீர்கள். நிச்சயமாக மெஷின்தானா?"

கோகிலவாணி ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம் சார்," என்றார். "மெஷின் மட்டும்தான்."

"அப்படியானால் அந்தத் திருத்திய படங்களை அழித்துவிடுங்கள். மெஷின் வாரிய தலை எனக்கு வேண்டாம்" என்றார் எட்வின். "வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

8

இங்கே வந்து நின்றுவிட்டேன். பல நாளாயிற்று.

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கிறாள். "நாந்தாங்க கழுவுனேன்." எட்வின் கண் நிறைகிறது. செயலாளரின் கண் நிறையவில்லை. முகத்துக்கு நேரே பொய் சொன்ன ஆபீசுக்கு இனி வேலை இல்லை என்று பேனாவை மூடுகிறார். ஜெகதீஸ்வரன் அவளைக் காப்பாற்றப் பொய் சொன்னவர். அவரைக் கவிழ்த்துவிட்டு அவள் எடப்பாடி பஸ்ஸில்—

முடிவு இரண்டு: அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை நிலைக்கிறது. சௌமியா படிக்கிறாள். எட்வினின் தம்பி வாரிய தலையோடு இருக்கும் ஒரே படத்தை, அவனுக்குத் தலை வாரிவிட்டவளே அழிக்க வேண்டும். ஜெகதீஸ்வரன் அந்த வேலையை அவளிடம்தான் கொடுப்பார். அவள்தான் அதில் கெட்டிக்காரி.

முடிவு மூன்று: எட்வின் எப்படியோ விலாசம் கண்டுபிடித்துத் திருச்செங்கோடு வந்து, மலைக்கோயில் படியில் அவளை—

சீ. எழுதும்போதே கை கூசிற்று.

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. ஜெகதீஸ்வரனின் கை இணைப்பைத் துண்டிக்க மவுசை நோக்கிப் போகிறது. அதற்குள் நீங்கள் சொல்லுங்கள். அவளைப் பேசச் சொல்கிறவர்கள், அந்த அண்ணி கையால் ஒரு வாரம் சோறு வாங்கித் தின்றுவிட்டு வந்து சொல்லுங்கள். பேசாதே என்கிறவர்கள், மனசாரச் செய்த ஒரு வேலையைச் செய்தது மெஷின் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல, அதற்குத் தலையாட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். ரெண்டும் முடியாதவர்கள் என்னைப்போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். திரையில் எட்வின் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.