சொல்லிக்காட்டுதல்

ஆங்கிலம்–தமிழ் அகராதி வேலை ‘யு’ எழுத்துக்கு வந்திருந்தது. பதிப்பாசிரியரின் அறையில் நான்கு மேசைகள். ஒன்றில் அவர், எதிரே அவருடைய தங்கை. சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடி எழுதுவது அவள் பொறுப்பு. மற்ற இரண்டில் தட்டச்சு செய்யும் பெண்ணும் பிழை திருத்துபவரும். பிழை திருத்துபவருக்கு ‘அடைப்புக்குறி’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் நடுவில் இன்னொன்றைச் செருகாமல் முடிக்கமாட்டார்.

அன்று காலை ஒரு சொல்லுக்கான சீட்டைப் படித்த அண்ணனின் முகம் கடுத்தது. சொல், ‘அப்பிரெய்ட்’ (upbraid). திட்டு, கடிந்துகொள் என்று பொருள் எழுதியது அவர்தான். அதன் கீழே தங்கை, ‘பழைய ஆங்கில வினை. மேலே என்ற பொருளுள்ள ‘அப்’ என்ற சொல்லோடு, வெடுக்கென்று இழு, பின்னு எனப் பொருள்படும் வினை சேர்ந்தது’ என்று எழுதியிருந்தாள்.

“திட்டுறதுக்கும் ஜடை பின்னுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்? ‘பிரெய்ட்’னு காதுல விழுந்ததும் எழுதிட்டியா?”

“இல்லண்ணா, புத்தகத்துல பாத்துதான்...”

“நீ பாத்த லட்சணம் எனக்குத் தெரியாதா? எம்.ஏ.வைப் பாதியில விட்ட. கட்டிக்கிட்டவரோட ரெண்டு வருஷம் சேர்ந்து இருக்க முடியல. எதைத்தான் நீ முழுசா செஞ்சிருக்க?”

தட்டச்சுச் சத்தம் நின்றது. அடைப்புக்குறிகூட எதையும் செருகவில்லை. தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனாள்.

சரியானதைத் தானே எழுதிவிடலாம் என்று அவர் சொற்பிறப்பு நூலின் தடித்த கடைசித் தொகுதியை இறக்கினார். அவள் எழுதியது அப்படியே அதில் இருந்தது. பழைய பொருளும் இருந்தது: ஒருவருடைய குற்றத்தை மேலே இழுத்துப்போட்டு, அதை வைத்தே அவரைப் பழிப்பது. இரண்டாம் முறை படித்தபோது காது மடல்கள் சுட்டன. அப்பா படுக்கையில் விழுந்தபோது அண்ணன் ஆய்வேட்டை முடிக்கட்டும் என்று படிப்பை விட்டுவிட்டு வந்தவள் அவள். அந்த ஆய்வேடு இல்லையென்றால் இந்த நாற்காலி அவருக்கு ஏது?

தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அது சுலபம். ஆனால் பேசியது நாலு பேர் முன்னால்.

அரை மணி நேரம் கழித்து அவள் வந்தபோது எழுந்து நின்றார்.

“நீ எழுதுனதுதான் சரி. நான் புத்தகத்தைத் தொறக்காமயே பேசிட்டேன்.” திறந்திருந்த நூலை அவள் பக்கம் நகர்த்தினார். “மத்ததையும் நான் பேசியிருக்கக் கூடாது. அப்பாவைப் பாத்துக்கத்தான் நீ படிப்பை விட்ட. அது இவங்களுக்கும் தெரியணும்.”

அடைப்புக்குறி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சு என்னண்ணா ஆகப்போகுது?” என்றாள் தங்கை. “என் வீட்டுக்காரர் சமாச்சாரமும்தான் இப்ப இவங்களுக்குத் தெரியும்.”

அவள் சீட்டை எடுத்து, அவர் எழுதியிருந்த பொருளுக்கு முன்னால் ‘பழைய குற்றத்தைச் சொல்லிக்காட்டு’ என்று சேர்த்தாள்.

“வெறும் ‘திட்டு’ன்னா பத்தாது. கையெழுத்துப் போடுங்க.”

போட்டார்.

வீட்டில் அவர் இன்னும் ‘அண்ணா’தான். அலுவலகத்தில் மட்டும் அன்றிலிருந்து அவள் ‘சார்’ என்றே கூப்பிட்டாள். வேலை ‘இசட்’ முடியும்வரை, அந்த ‘சாரு’க்கு அவர் தலை நிமிராமல்தான் பதில் சொன்னார்.