கால் இல்லாத வாஷர்

மதுமதி கையில் வாஷரைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த முதல் நாள் பட்டறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் வெல்டர் கந்தப்பனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"ஏனுங்க அம்மணி, போல்ட்டு எங்கீங்க? கழண்டு உழுந்துருச்சுங்களா?"

"இது வாட்ச்சுங்கண்ணா."

"அப்படீங்களா. மணி எத்தனைங்க?"

"இன்னும் முள்ளு மாட்டலீங்க."

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை அது. மதுமதி அங்கே ஸ்டோர் பார்க்கிறாள். போல்ட்டு, நட்டு எடுத்துக் கொடுப்பதும், வண்டிக்கு வண்டி அளவு அட்டை எழுதுவதும் அவள் வேலை. வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வகுப்பு. அது விட்டு நாமகிரிப்பேட்டைக்கு பஸ் ஏறியதும் நோட்டை எடுத்துவிடுவாள். அன்று கற்றது, செய்தது, எங்கே தப்பு செய்திருக்கலாம் என்று மூன்று தலைப்புகள். முதல் இரண்டும் நாலு வரியில் முடிந்துவிடும். மூன்றாவதற்குத்தான் எப்போதும் பக்கம் போதாது.

எட்டு மாதமாக அந்த நோட்டில் ஒரே பேச்சு. தன் கையாலேயே ஒரு வாட்ச் கூட்ட வேண்டும். பேட்டரி கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் வரை ஓடும் பழைய பாணி வாட்ச். உள்ளே ஓடும் மெஷின் வந்துவிட்டது. பாலேட்டின் நிறத்தில் டயல் வந்துவிட்டது. அதில் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நொடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். நீல முட்கள் மூன்றும் ஒரு காகித உறைக்குள் காத்திருந்தன. எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் கேஸ் மட்டும்தான் பாக்கி.

கேஸும் ஒன்று வந்ததுதான். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். வகுப்பில் ஆளாளுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்றதால் வாங்கியது. அவளுடைய ஒல்லிக் கையில் வைத்தபோது தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல இருந்தது. விற்ற கடை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதில் அவள் அம்மா சௌந்திரம் ஊக்குகளைப் போட்டு வைத்திருக்கிறாள். உள்ளே இருப்பது கண்ணாடி வழியே தெரிவதால் அதைவிட நல்ல டப்பா இல்லை என்பது அவள் கட்சி.

"அடுத்த டப்பா எப்ப சாமி வரும்? ஊசிக்கு ஒண்ணு வேணும்" என்பாள்.

மதுமதியும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்கே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்: 'இன்னொரு கேஸ் தப்பாகிப்போனால் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடுவது. எனக்கு இது ஆகாது.'

அதனால்தான் வாஷர். போனில் பொறுக்கிப் பொறுக்கிக் கடைசியில் இரண்டு கேஸ்கள் நின்றன. ஒன்று முப்பத்தேழு, ஒன்று முப்பத்தொன்பது. ஒரு நாள் ஸ்டோரில் சும்மா வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். இருபது எம்.எம். போல்ட்டின் வாஷர் சரியாக முப்பத்தேழு. இருபத்திரண்டின் வாஷர் சரியாக முப்பத்தொன்பது. மறுபடி அளந்தாள். அதேதான். இரண்டு கேஸ்களும் இத்தனை நாளும் தன் மேசைக்குப் பின்னால் தகர டப்பாவில் கிடந்திருக்கின்றன! வாஷரைத் தலைமுடி ரப்பர் பேண்டில் கோத்துக் கையில் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அது, இரண்டு நாள் இது.

முடிவில் முப்பத்தொன்பது ஜெயித்தது. கையில் நன்றாகவே உட்கார்ந்தது. வகுப்புத் தோழி தேவிப்ரியாவும் அதற்கே ஓட்டுப் போட்டாள். "முப்பத்தேழு சின்னப் புள்ள வாட்ச்சு மாதிரி இருக்கும்டி."

ஐந்தாம் நாள் மத்தியானம் போனில் கேஸின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்கும் பொத்தானுக்கு மேலே விரலைப் பிடித்திருந்தாள். சோற்றுப் போசியோடு வந்த கந்தப்பன் எட்டிப் பார்த்தான்.

"இதானுங்களா அது? நாலு காலு நீட்டிட்டு இருக்குதுங்களே."

"அது வார் மாட்டறதுக்குங்கண்ணா."

"அது செரி. உங்க வாஷருக்குக் காலையே காணோமே?"

விரல் அப்படியே நின்றது. கேஸின் மேல் கால் நுனியிலிருந்து கீழ்க் கால் நுனி வரையுள்ள நீளத்தை அவள் நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தாள். சின்னதற்கு நாற்பத்துநான்கு, பெரியதற்கு நாற்பத்தெட்டு. எழுதியவள் அதைத் தன் கையின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் விட்டுவிட்டாள்.

அன்று மாலை வகுப்பில் இரண்டு கேஸ்களையும் கால்களோடு வரைந்து, அச்சுக்குக் கொடுத்து, தாள் மேல் ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்தாள். மறுநாள் கந்தப்பன் அந்தத் தாள்களைத் துண்டுத் தகட்டில் ஒட்டி அறுத்து, அரம் போட்டு, கால்களைக் குழாயில் வைத்து லேசாக வளைத்துக் கொடுத்தான். பெரியதை முதலில் கட்டினாள். இரண்டு பக்கத்துக் கால்களும் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றன. கந்தப்பன் ஒரு கால் நுனிக்குக் கீழே சாக்பீஸை நுழைத்தான். தாராளமாகப் போனது.

"கை அகலம் எத்தனைங்க?"

"நாப்பத்தாறுங்க."

"ரோடு நாப்பத்தாறு, வண்டி நாப்பத்தெட்டு. ஓவர்ஹேங்கு ஜாஸ்திங்க அம்மணி. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எஃப்.சி.க்குப் போனா திருப்பி அனுப்பிப் போடுவாங்க."

மதுமதிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. பின்சக்கரத்தைத் தாண்டிப் பாடி எவ்வளவு நீளலாம் என்று தினமும் அளவு அட்டையில் எழுதுகிறவள் அவள்தான். சின்னதைக் கட்டினாள். நான்கு கால்களும் கையோடு படிந்து கிடந்தன. கந்தப்பன் எல்லாப் பக்கமும் சாக்பீஸை முட்டிப் பார்த்தான், எங்கேயும் நுழையவில்லை. சோதனை முடிந்த பாடியில் போடுவது போலத் தகட்டின் மேல் ஒரு டிக் போட்டான்.

"பாஸுங்க."

கடைப் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்தேழில் கடைசி ஒன்றுதான் இருப்பு என்று காட்டியது. சின்னப் புள்ள வாட்ச்சு என்ற தேவிப்ரியாவின் குரல் காதில் கேட்டது. டயலின் அளவை இன்னொரு தரம் சரிபார்த்துக்கொள்ளலாமா? சாவித் துளையின் உயரத்தை? இரண்டையும் நேற்றே இரண்டு தடவை பார்த்தாயிற்று. கண்ணைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்தாள். மெஷினில் டயலைப் பூட்டி, முட்களை ஒவ்வொன்றாக உட்கார்த்தினாள். மெஷினைக் கேஸுக்குள் இறக்கினாள். எங்கும் இடிக்காமல் போய் உட்கார்ந்தது. சாவியை மெஷினோடு சேர்க்கும் தண்டு நீளமாக இருந்தது. ஒரேயடியாக நறுக்கப் பயந்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஆறு முறை போட்டுப் பார்த்தாள். ஏழாம் முறை சாவியின் தலை கேஸோடு ஒட்டி நின்றது. பின்மூடியைத் திருகி, வாரை மாட்டி, சாவி கொடுத்தாள்.

ஆறாம் இடத்துக் குட்டி முள் கிளம்பியது.

கையில் கட்டிக்கொண்டு ஒரு கால் நுனிக்கடியில் நகத்தை நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை. அடுத்த கால். அதிலும் போகவில்லை.

"ஓடுதா?" அடுக்களையிலிருந்து சௌந்திரம் வந்தாள்.

"ஓடுதும்மா. காதுல வெச்சுப் பாரு."

அம்மா அவள் கையைப் பிடித்துக் காதருகே கொண்டுபோனாள். "அப்ப ஊசிக்கு டப்பா இல்லையாக்கும்" என்றாள். பிறகு கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஏஞ்சாமி, இதுல என்ன மணி நாலேகாலுங்குது? இப்பத்தான இட்லி எறக்குனேன்?"

எட்டு மாதம் அளந்து அளந்து கூட்டியவள் மணி வைக்க மறந்திருந்தாள். சிரித்துக்கொண்டே சாவியை வெளியே இழுத்து, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.