எடை மேடைக் கம்ப்யூட்டர்

என் கூலியில் பிடிக்க வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது என்று ஆபீசில் எழுதி ஒட்டியிருந்தார்கள். லாரியை நிறுத்தி நிறுக்கும் எடை மேடைக் கம்ப்யூட்டரைப் பாதியில் அணைத்து, மூன்று லோடுகளின் எடையை நான் அழித்துவிட்டேனாம்.

அணைக்கச் சொன்னதே என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். கம்ப்யூட்டரை உள்ளேயிருந்து ஓட்டும் கர்னல் என்ற புரோகிராமில், எடை மேடைக்கான பகுதியை எழுதியவர் அவர். மூட்டை தூக்கும் இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். "கம்ப்யூட்டர் ஓடாம தொங்கிடுச்சுன்னா சுவிட்சை அணைச்சுப் போடுங்க மச்சான். யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்பார். விசாரணையில் மட்டும் அவர் குனிந்த தலை நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. தங்கச்சி வீட்டுக்காரராச்சே.

கோளாறைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். "எப்பல்லாம் தொங்கும்ண்ணே?" என்று என்னைக் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"மேடையில லாரி அசைஞ்சுக்கிட்டே இருந்தா அன்னிக்குச் சீக்கிரம் தொங்கும்மா."

லாரியை முன்னும் பின்னும் நாற்பது தரம் உருட்டச் சொன்னார். "லாரிக்குத் தாலாட்டா?" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை. ஒவ்வொரு எடைக்கும் கர்னல் கொஞ்சம் மெமரி எடுக்கிறதாம். லாரி நின்றால் திருப்பித் தருமாம். அசைந்து எடை தவறினால் அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் மூச்சுமுட்டி நின்றுவிடுமாம். அந்தப் புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தார். மறுபடி உருட்டியபோது எண் ஏறி இறங்கியது.

அந்த வரிக்கு மேலேயே தமிழில் ஒரு குறிப்பு இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். விரல் வைத்துப் படித்தேன்: 'எடை தவறினால் மெமரி திரும்புவதில்லை. பிறகு பார்க்கலாம்.' கீழே மாப்பிள்ளையின் பெயர். தேதி போன வருஷத்தது.



"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினீங்களா?" என்று மாப்பிள்ளையைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

"சத்தம் போடாதீங்க மச்சான். என் வேலை போனா நடுத்தெருவுல நிக்கப்போறது உங்க தங்கச்சிதான்."

அறிக்கையில் அவர் பெயரைப் போடலாமா என்று இன்ஜினியர் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த அறிக்கையைப் பார்த்து, அடுத்த வாரம் பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்து ஆபீஸ் தாள் கொடுத்தது. அதைக் காட்டத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

"இவரு மேனேஜர் கால்ல விழாத குறையா உனக்காகப் பேசினாராம்ண்ணா. ஒரு வார்த்தை நன்றி சொல்லலியேன்னு வருத்தப்படுறாரு" என்றாள்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி மாப்பிள்ளை" என்றேன்.

சாப்பாடு போட்டாச்சு என்று தங்கச்சி கூப்பிடக் கூப்பிட, படி இறங்கிவிட்டேன்.