நீல வண்டியில் வந்ததெல்லாம்

எங்கள் ஓட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு நீள மேசையும் கால் ஆடும் பெஞ்சுகளும்தான் அதன் சொத்து. நீராவியில் வெந்து வருகிற நாங்கள் அங்கேதான் சாப்பிடுவோம். ஆளுக்கொரு தேசம். இயந்திரங்களின் இரைச்சலில் எந்த மொழியும் முழுசாகக் காதில் விழாது. அதனால் எல்லா மொழியிலிருந்தும் கொஞ்சம் பிய்த்து, மீதியைக் கையால் காட்டி, ஒரு பாஷை செய்து வைத்திருந்தோம். சண்டை, சமாதானம், மாமியார் புகார் எல்லாம் அதில்தான்.

இவ்வளவு ஒற்றுமை மேலிடத்துக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்ததுதான் பிரச்சினை.

பன்முகப் பண்பாட்டு அதிகாரி என்று ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். எங்களுக்கு அவர் 'ஒற்றுமை மேடம்'. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் செண்ட் வாசனையோடு இறங்கி வந்தார்.

"நீங்க யாரும் இங்க அன்னியமா உணரக்கூடாது. அதனால இந்த அறையைப் பண்பாட்டுக் கூடமா மாத்தப்போறோம். உங்க பாரம்பரிய உடைகளைக் கண்ணாடிக்குள்ள வைப்போம். விருந்தாளிங்க வந்து பார்ப்பாங்க."

"அப்ப நாங்க எங்க சாப்பிடுறது மேடம்?" என்று கேட்டாள் சித்தி. இஸ்திரி இயந்திரம் அவள் பொறுப்பு. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

"படிக்கட்டுல காத்து நல்லா வருமே," என்றார் மேடம், எங்களுக்காக மகிழ்ந்து.

மேசை லிஃப்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளோடு போய் நின்றது. சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். படிக்கட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துத்தான் உட்கார முடியும். கையால் பேசுகிறவர்களுக்கு முதுகோடு என்ன பேச்சு? கொஞ்ச நாளில் அவரவர் மொழிக்காரரோடு ஒதுங்கிவிட்டோம். நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவருக்கு மட்டும் ஒதுங்க ஆளில்லை. பெரிய துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற மீசையின் மொழி பேச அந்தக் கட்டடத்தில் வேறு ஒருவரும் கிடையாது. மேடம் வந்த அன்று அவர் தன் மாமியார் கதை ஒன்றைப் பாதி சொல்லியிருந்தார். மீதியை வைத்துக்கொண்டு அடிப்படியில் தனியாக டப்பாவைத் திறந்தார்.

"மேசை திரும்பி வந்தே ஆகணும்டி," என்றாள் சித்தி. "இல்லேன்னா அந்த மனுஷன் ஊமையாயிடுவாரு."

"போய்க் கேளேன்."

"கேட்டேன். என் உணர்வுகளை மதிக்கிறாங்களாம்."

உடைகள் சேர்ந்தன. நல்ல புடவையைக் கொடுக்கச் சித்திக்குப் பைத்தியமா? தள்ளுபடியில் வாங்கிய சிவப்புப் புடவையைக் கொடுத்தாள். வியர்த்தாலே சாயம் விடுகிற புடவை அது. மீசையிடம் பாரம்பரிய உடை எதுவும் இல்லை.

"கல்யாணத்துக்கே பேண்ட்தான்," என்றார் எங்கள் பாஷையில்.

மேடம் மனம் தளரவில்லை. குஞ்சம் வைத்த மேலங்கி ஒன்றைக் கடையில் வாங்கி வந்து அவருடைய முன்னோர்களுக்கு மாட்டிவிட்டார்.

முதலாளி திறப்பு விழாவுக்கு வரும் நாள் காலையில், உடைகளை எல்லாம் மேடமே கீழே கொண்டுவந்தார். கைக்குக் கிடைத்த நீல வண்டியில் போட்டுத் தள்ளிவந்து, கூடத்து வாசலில் நிறுத்திவிட்டு, சாவி எடுக்கப் போனவர் ஒரு மணி நேரம் திரும்பவில்லை.

சலவைக்கூடத்தில் நீல வண்டிக்கு ஒரே சட்டம்தான். அதில் வந்தது எல்லாம் அழுக்கு. அழுக்கு என்றால் கொதிநீர். மீசை தன் வாழ்நாளில் நீல வண்டியைக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. படுக்கை விரிப்புகளோடு சேர்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வெளியே வந்தபோது எல்லாத் தேசங்களும் ஒரே நிறத்தில் இருந்தன. சித்தியின் புடவை யாரையும் விட்டுவைக்கவில்லை. விரிப்புகளும் ரோஜா நிறம். மேலங்கி குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"என்ன பண்ணிட்டீங்க?" என்றார் மேடம், சாவியோடு ஓடிவந்து.

"வண்டியில இருந்துச்சு," என்றார் மீசை. "துவைச்சேன்."

மேடம் வெறும் கண்ணாடி அறையைப் பார்த்தபடி நின்றார். சாயங்காலம் முதலாளி வந்துவிடுவார். சித்தி மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"காட்ட ஒண்ணும் இல்லேன்னா எங்களையே காட்டுங்களேன் மேடம். அந்த மேசையை மட்டும் போட்டுக் குடுங்க. நாங்க பாட்டுக்குச் சாப்பிடுறோம்."

மேடத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "உயிருள்ள கண்காட்சி," என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ஆனா அவங்கவங்க பாஷையிலதான் பேசணும். கலந்துடாதீங்க."

மேசை வந்தது. முதலாளி கண்ணாடிக்கு வெளியே நின்று, மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். நான் வாயைத் துடைத்ததை ஒருவர் படம் எடுத்தார். கதையின் மீதியைச் சொல்ல மீசை கையைத் தூக்கினார். கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தையும் தூக்கியது. அவர் கையை இறக்கிவிட்டார்.

சித்தி எழுந்து போய், இனி எந்த அறைக்கும் போக முடியாத ரோஜா நிற விரிப்பு ஒன்றை எடுத்துவந்தாள். ஸ்டூலில் ஏறிக் கண்ணாடி முழுக்க மறைத்துக் கட்டினாள்.

மேடம் ஓடிவந்தார். "என்ன இது?"

"எல்லாரோட துணியும் சேர்ந்து வெந்த தண்ணியில வந்த நிறம் மேடம். இதைவிட ஒற்றுமையா ஒண்ணை நான் எங்க போய்த் தேடுறது?"

மேடம் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே போய், 'சங்கமம்: பருத்தியில் ஒரு கலைப்படைப்பு' என்று அட்டை அச்சிட்டு வந்து வெளியே ஒட்டினார். விருந்தாளிகள் இப்போது விரிப்பைப் படம் எடுக்கிறார்கள். சிலர் கண்கலங்குவதாகவும் கேள்வி.

உள்ளே மீசை டப்பாவைத் தள்ளி வைத்தார். விரிப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளையும் தூக்கி, மாமியாரை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.