ஒரு டிகிரியில் ஒரு திருடன்

கரிபிடித்துக் கிடந்த ஆய்வகத்துச் செம்புக் கட்டி இரண்டு நாள் காணாமல் போய், பளபளவென்று திரும்பி வந்தபோதுதான் இயற்பியல் வாத்தியாருக்கு மச்சான்மேல் சந்தேகம் வந்தது. மச்சான், மனைவியின் தம்பி. அந்த ஆய்வகத்தின் உதவியாளன். வேலைக்குச் சிபாரிசு செய்த புண்ணியவானும் வாத்தியார்தான்.

"கண்றாவியா இருந்துச்சு மாமா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தேய்ச்சேன்."

தேய்த்தானா, மாற்றினானா? செம்பு விற்கிற விலையில், உள்ளே இரும்பும் மேலே செம்புப் பூச்சுமாக ஒன்றைச் செய்துவைக்க எவ்வளவு நேரமாகும்? காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. 'காந்தம் ஒட்டாத எஃகும் உண்டே' என்றது மனசு. சந்தேகம் பொல்லாத வியாதி. கணக்கு தெரிந்தவனுக்கு வந்தால் இன்னும் மோசம்.

கதவைச் சாத்திக்கொண்டார். இருநூறு கிராம் கட்டியைக் கொதிநீரில் போட்டு, நூலால் தூக்கி, முப்பது டிகிரியில் இருந்த இருநூறு கிராம் தண்ணீருக்குள் இறக்கினார். செம்பின் தன்வெப்பம் குறைவு; எஃகைவிடக் கொஞ்ச வெப்பத்தைத்தான் சுமந்து வரும். தண்ணீர் முப்பத்தாறைத் தாண்டக் கூடாது. வெப்பமானி முப்பத்தேழு காட்டியது. கணக்குப் போட்டால் விடை எஃகின் வாசலில் போய் நின்றது.

தலைமையாசிரியைக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். வேலை போய்விடும். மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. 'எனது மைத்துனர்' என்று எழுதி மூன்று முறை அடித்தார்.

மச்சான் கதவைத் தட்டினான். "யாரை வேக வெக்கிறீங்க மாமா?"

வாத்தியார் கட்டியை மறுபடி கொதிநீரில் போட்டு, பக்கத்தில் புதுத் தண்ணீர் அளந்து வைத்தார். "நீயே ஒருதடவை கட்டியைத் தூக்கிப் போடு, பார்ப்போம்."

மச்சான் தூக்கினான், சட்டென்று கவிழ்த்து ஓர் உதறு உதறினான்.

"எதுக்குடா கவுக்கிற?"

"மேலே கொக்கி மாட்டுற குழியில தண்ணி நிக்குமே. நாலு கிராம் தேறும்."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு கிராம் வெந்நீர் கொண்டுவரும் வெப்பத்தைக் கொண்டுவர நாற்பத்து நாலு கிராம் செம்பு வேண்டும். வருஷாவருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற பாடம். மச்சான் கட்டியை இறக்கியதும் வெப்பமானி முப்பத்தாறுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்டா."

"தெரியும். காந்தத்தை வெச்சப்பவே ஜன்னல்ல பார்த்தேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. அக்காகிட்ட சொல்லத்தான் கிளம்பினேன். அப்புறம் உங்களுக்கு யாரு சோறு போடுவான்னு திரும்பிட்டேன்."

வாத்தியார் புகாரைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

"இங்கேயே போட்டுட்டுப் போங்க மாமா," என்றான் மச்சான். "வீட்டுக்குப் போனா அக்கா ஒட்டவெச்சுப் படிப்பா."